சென்னை – வாலாஜா நெடுஞ்சாலை: அறிவித்த தேதி தவறினால் யார் பொறுப்பு?

பாலாற்றங்கரை எழுதியது:

காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு சென்னைக்கும் வேலூருக்கும் கார் ஓட்டிச் செல்பவன் என்ற முறையில் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபேட்டை வரையிலான ஏறத்தாழ 70 கிலோமீட்டரை நான்கு வழியிலிருந்து ஆறு வழியாக்கும் பணி எப்போது முடியும் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். சொன்ன தேதியில் முடியாதபோது அந்தத் தேதியைச் சொன்னவர் யாரிடம் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதுதான் இப்போது என் கேள்வி.

பழைய பதிவுகளைப் புரட்டினால் மனம் கசக்கிறது. 2020 டிசம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சாலையின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்து, மதுரவாயல் – வாலாஜா இடையிலான இரண்டு சுங்கச்சாவடிகளிலும் பாதிக் கட்டணம் மட்டுமே வாங்க வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அந்த ஆணை நிலைக்கவில்லை, கட்டணம் மறுபடி முழுமைக்குத் திரும்பியது. 2022 டிசம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சாலையின் நிலை காரணமாகத் தாம் வேலூர்ப் பகுதி மாவட்டங்களுக்கு ரயிலில் செல்ல நேர்ந்ததைக் குறிப்பிட்டிருந்தார். ஒரு மாநிலத்தின் முதலமைச்சரே தவிர்க்க வேண்டியிருந்த சாலையில்தான் சாவடிகளில் வசூல் நடந்துகொண்டிருந்தது.

கட்டணம் பற்றிய வாக்குறுதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் மக்களவையில், ஓராண்டுக்குள் சுங்கச்சாவடிகள் அனைத்தும் அகற்றப்பட்டு ஜிபிஎஸ் வழியே கட்டணம் வசூலிக்கப்படும் என்று அமைச்சர் சொன்னார். 2022 மார்ச்சில் அதே அவையில், 60 கிலோமீட்டருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சாவடி இருந்தால் மூன்று மாதத்தில் மூடப்படும் என்றார். சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் செங்கல்பட்டுக்கு முன்னால் பரனூரில் ஒரு சாவடியும், திண்டிவனத்துக்கு முன்னால் ஆத்தூரில் இன்னொன்றும் 60 கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன என்பது அவ்வழியே போகும் எல்லாருக்கும் தெரியும். இவை மேடைப் பேச்சில் வாய்தவறி வந்தவை அல்ல, நாடாளுமன்றத்தில் பதிவானவை. இத்தனைக்குப் பிறகும் புதிய தேதி ஒன்றை அறிவிக்கும்போது பழைய தேதிக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் விளக்குவதில்லை என்பதே என்னை அதிகம் வருத்துகிறது.

விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


இரவுப்பணி எழுதியது:

நான் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இரவு முறை முடிந்து விடியற்காலையில் வாலாஜா திசையில் வீட்டுக்கு ஓட்டிச் செல்பவனுக்கு இந்தச் சாலை எப்படிப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மேம்பாலப் பணி நடக்கும் இடம் வந்ததும் முதன்மைச் சாலை திடீரென்று முடிந்து, வண்டிகள் அணுகுசாலைக்குத் திருப்பி விடப்படுகின்றன. திருப்பம் வருவதற்கு அரைக் கிலோமீட்டர் முன்பே ஒளிரும் பலகை இருக்க வேண்டும். பல இடங்களில் திருப்பத்தின் வாயிலிலேயே சிமெண்ட் தடுப்புக் கட்டைகள் வரிசையாக நிற்கும். அவற்றின்மேல் ஒட்டியிருந்த பிரதிபலிப்பு வில்லைகள் புழுதி படிந்தோ உரிந்தோ போயிருக்கும். எதிரே வருபவர் உயர் ஒளியில் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் அந்த ஒரு நொடி கட்டை எது, சாலை எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அணுகுசாலையின் அகலம் இரண்டு பேருந்து உரசாமல் போகும் அளவுதான். அதிலும் இடப்பக்கம் கன்டெய்னர் லாரிகள் விளக்கை அணைத்துவிட்டு வரிசையாக நின்றுகொண்டிருக்கும். மழை பெய்தால் பள்ளங்கள் தண்ணீரில் மூழ்கிவிடும். முன்னால் போகும் வண்டி எந்த இடத்தில் ஆடுகிறது என்று பார்த்துத்தான் பள்ளம் இருக்கும் இடத்தைக் கண்டுகொள்கிறோம்.

இரு சக்கர வண்டிக்காரர்கள் எதிர்த்திசையில் வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் சாலைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் நிலமும் உள்ள ஒருவர், நடுத்தடுப்பில் இருந்த பழைய திறப்பை அடைத்துவிட்ட பிறகு, சட்டப்படி கடப்பதற்குச் சில கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. அவருக்காகத் திட்டமிடப்பட்ட சுரங்கப்பாதை பாதியில் நிற்கும்போது அவர் என்ன செய்வார் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

புகார் செய்யும் வழியும் குழப்பம்தான். மாநில அரசின் 'நம்ம சாலை' செயலி 2023 நவம்பரில் வந்தபோது, மாநில நெடுஞ்சாலைப் பள்ளங்கள் 24 மணி நேரத்தில் சரிசெய்யப்படும் என்றார்கள். அது தேசிய நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது. தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 என்ற எண் இருக்கிறது. கார் ஓட்டுபவனுக்குக் காலடியில் இருக்கும் சாலை யாருடையது என்று எப்படித் தெரியும்?


ஓய்வுபெற்ற பொறியாளர் எழுதியது:

சாலைப் பணிகளிலேயே என் பணிக்காலம் கழிந்தது. இந்தத் திட்டத்தில் நான் வேலை செய்யவில்லை, ஆகவே பொதுவான நடைமுறையைச் சொல்கிறேன்.

தேதிகள் ஏன் பொய்க்கின்றன என்று கேட்டால், மேடையில் சொல்லப்படும் தேதிக்கும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தேதிக்கும் தொடர்பு குறைவு என்பதே முதல் விடை. ஒப்பந்தப்படி பணிக்காலம் கையெழுத்தான நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. தேவையான நிலத்தின் பெரும்பகுதி கையில் வந்த பிறகு 'பணி தொடங்கும் நாள்' என்று ஒன்றை அறிவிப்பார்கள், அங்கிருந்துதான் கணக்கு. மீதி நிலத்தில் ஒரு கோயிலோ ஒரு கடைவரிசையோ இழப்பீட்டு வழக்கோ இருந்தால், மேம்பாலத்தின் இரண்டு பக்கமும் எழுந்து நடுவில் இடைவெளி விழுந்து நிற்கும். அதற்குக் கால நீட்டிப்புக் கேட்டு ஒப்பந்ததாரர் எழுதுவார், தவறு துறையினுடையது என்பதால் நீட்டிப்புக் கிடைக்கும். அடுத்து மின்கம்பங்கள், குடிநீர்க் குழாய்கள், கேபிள்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையின் சொத்து, ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பீடு, தனிப் பணம். பிறகு மண். மேம்பாலத்தின் அணுகு சரிவுகளை நிரப்ப மலைபோல மண் வேண்டும். ஏரியிலிருந்து எடுக்க மாநில அரசின் அனுமதி வேண்டும். இந்த அனுமதி தாமதமாகிறது என்று ஒன்றிய அரசும், முறையாகக் கேட்டால் தருகிறோம் என்று மாநில அரசும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன.

இவையெல்லாம் உண்மையான இடர்ப்பாடுகள்தான். ஆனால் எதுவும் புதியதல்ல. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நிலம் எடுப்பது கடினம் என்பது திட்டம் வரையும் நாளிலேயே தெரியும். தெரிந்தே அடிக்கல் நாட்டும் தேதியை முன்னால் வைப்பதுதான் பிழை.

பணிக்காலத்தில் பழைய வழித்தடத்தைப் பராமரிப்பதும் ஒப்பந்ததாரரின் கடமை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். அவருக்குப் பண நெருக்கடி வந்தால் முதலில் நிற்பது இந்தப் பராமரிப்புத்தான், ஏனென்றால் அதற்குத் தனியாகப் பில் கிடையாது. ஒரு பள்ளத்தை முறையாக அடைக்க வேண்டுமானால், தளர்ந்த பகுதி முழுவதையும் சதுரமாக வெட்டி எடுத்து, தூசியையும் ஈரத்தையும் நீக்கி, ஓரங்களில் தார்க் கரைசல் பூசி, சூடான கலவையை அடுக்கடுக்காக நிரப்பி ரோலரால் அழுத்த வேண்டும். நாம் சாலையில் பார்ப்பது வேறு. ஒரு டிராக்டரில் ஜல்லியும் கிரஷர் தூளும் வரும், மண்வெட்டியால் பள்ளத்தில் தள்ளுவார்கள், போகிற லாரிகளே அதை அழுத்தும். அடுத்த மழையில் ஜல்லி வெளியே வந்து சாலையெங்கும் சிதறி, பள்ளத்தைவிடப் பெரிய ஆபத்தாகிவிடும், இரு சக்கர வண்டிக்கு அது உயிராபத்து. பதிவேட்டில் இரண்டும் 'பள்ளம் அடைக்கப்பட்டது' என்றே ஏறும்.

தேதி பொய்ப்பதற்கு இன்னொரு சான்று சென்னைக்குள்ளேயே இருக்கிறது. துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்துக்குள் தூண்கள் இருக்கின்றன என்று 2012இல் மாநில அரசு பணியை நிறுத்தியது. எழும்பிய தூண்கள் ஆண்டுக்கணக்கில் ஆற்றோரம் கம்பியை நீட்டிக்கொண்டு நின்றன. 2022 மே 26 அன்று பிரதமர் மோடி அதே வழித்தடத்துக்கு இரண்டடுக்குச் சாலையாக 5,850 கோடி ரூபாய் மதிப்பில் மறுபடி அடிக்கல் நாட்டினார். முதல் திட்டத்தின் மதிப்பு இதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். இடைப்பட்ட காலம் முழுவதும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்கள் நகரத்துச் சாலைகளில்தான் ஊர்ந்தன. இதில் இரண்டு கட்சி அல்ல, எல்லாக் கட்சிகளும் இருக்கின்றன.


நேர்வழி எழுதியது:

எல்லாப் பழியையும் அரசின்மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்றிய அரசின் அறிக்கைப்படி 2022இல் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அந்த இறப்புகளில் 71 விழுக்காட்டுக்கு அதிவேகமே காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 என்று முதலிடத்தில் இருந்தது. பளபளப்பான புதிய சாலையிலும் நாம் இடப்பக்கமாக முந்துகிறோம், வலது தடத்தில் லாரியை மெதுவாக ஓட்டுகிறோம், தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறோம். சாலை சரியாக வந்துவிட்டால் வேகம் கூடி இறப்புகளும் கூடும் என்று அஞ்சுகிறேன். ஓட்டுநர்கள் திருந்தாமல் தேதியைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சுத்தான்.


சரக்கு வண்டி எழுதியது:

நேர்வழி ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. எங்கள் ஓட்டுநர்கள் வலது தடத்தை விடுவதில்லை என்ற குறையை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இடது தடம் முழுக்கக் குண்டும் குழியுமாக இருக்கும்போது, 25 டன் பாரத்தோடு அதில் போனால் வண்டியின் அடியில் பாரம் தாங்கும் பட்டைக் கட்டு உடையும் என்று அவர்கள் வலப்பக்கமே போய்ப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் நல்ல சாலையிலும் போவதில்லை.

நான் பேச வந்தது வேறு. தாமதத்துக்கு எங்களுக்கு மட்டும் தண்டனை இருக்கிறது என்பதை வெளியில் பலர் அறிய மாட்டார்கள். ஜிஎஸ்டி சட்டத்தின்படி சரக்குக்கு இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு, போட்டால், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது செல்லுபடியாகும். முன்பு 100 கிலோமீட்டராக இருந்ததை 2021 தொடக்கத்தில் 200 ஆக்கினார்கள், அதாவது வண்டிகள் இருமடங்கு தொலைவு ஓடிவிடும் என்று அரசு கருதியது. சாலையில் மறியல், கவிழ்ந்த வண்டி, பாலப் பணி என்று எங்காவது சிக்கிக் காலம் முடிந்துவிட்டால், முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிக்குள் நீட்டித்துக்கொள்ள வேண்டும். தவறினால் வண்டியை நிறுத்தி, வரியின் இருமடங்கு அளவுக்கு அபராதம் கேட்க அதிகாரிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு முறை என் வண்டி ஒன்று இப்படி நிறுத்தப்பட்டது. வழியில் போக்குவரத்து முடங்கியிருந்ததற்கு ஓட்டுநர் கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டியும், அதிகாரி 'உங்கள் பில் காலாவதி ஆகிவிட்டது, அதுதான் எனக்குத் தெரியும்' என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலிருக்கும் விதியில் சாலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

காலாண்டு வரி ஒரு நாள் தவறினால் அபராதம், தகுதிச் சான்று தவறினால் அபராதம், பாஸ்டேக் இல்லாமல் சாவடிக்குள் நுழைந்தால் ரொக்கமாகக் கொடுப்பவனுக்கு இருமடங்கு. எங்கள் தொழிலில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு விலை எழுதப்பட்டிருக்கிறது. சாலை முடியும் தேதிக்கு மட்டும் விலை இல்லை. அந்தச் செலவையும் டயரிலும் டீசலிலும் நாங்களே கட்டுகிறோம்.


ஓய்வுபெற்ற பொறியாளர் எழுதியது:

நேர்வழி அவர்கள் காட்டிய 71 விழுக்காட்டைப் பற்றி ஒரு சொல். அந்தப் புள்ளிவிவரம் காவல் நிலையத்தில் நிரப்பப்படும் படிவத்திலிருந்து வருவது. விபத்து நடந்த இடத்துக்கு வரும் காவலருக்கு ஓட்டுநர் தெரிவார், வண்டி தெரியும். வளைவின் உட்சரிவு தவறாக அமைந்திருக்கிறது என்பதையோ, எச்சரிக்கைப் பலகை போதிய தொலைவில் இல்லை என்பதையோ கண்டறிய அவருக்குப் பயிற்சி கொடுக்கப்படவில்லை. தொப்பூர் கணவாயில் கனரக வண்டிகள் பிரேக் பிடிக்காமல் ஓடி மோதிய ஒவ்வொரு முறையும் ஓட்டுநர்மேல் வழக்குப் பதிவானது. அதே சரிவில் மறுபடி மறுபடி நடக்கிறது என்றால் சாலையின் அமைப்பையும் விசாரிக்க வேண்டாமா? அங்கே உயர்மட்டச் சாலை தேவை என்று பிற்பாடு அரசே ஏற்றுக்கொண்டது. மேலும், மொத்தச் சாலை நீளத்தில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லாத தேசிய நெடுஞ்சாலைகளில் 2022இன் இறப்புகளில் 36 விழுக்காடு நிகழ்ந்திருக்கின்றன. வேகம் கொல்கிறது என்பதை மறுக்கவில்லை. வேகத்தை அனுமதிக்கும்படி கட்டிவிட்டு, ஊர் மக்கள் கடக்க வழி வைக்காமல் விடுவதும் சேர்ந்தே கொல்கிறது.


வழக்குரைஞர் எழுதியது:

பாலாற்றங்கரையின் கேள்விக்குச் சட்டத்தில் விடை இருக்கிறதா என்று பார்ப்போம். மூன்று இடங்களில் இருக்கிறது. மூன்றுமே போதுமான அளவில் பயன்படுத்தப்படவில்லை.

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதங்களைப் பல மடங்கு உயர்த்தியபோது, 198-அ என்ற புதிய பிரிவு ஒன்றும் சேர்க்கப்பட்டது. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தரத்தைக் கடைப்பிடிக்கத் தவறியதால் இறப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தலைக்கவசம் அணியாதவருக்குத் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் 1,000 ரூபாய். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய். ஓர் உயிர் போன பிறகு கோடிக்கணக்கில் ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்துக்கு உச்சவரம்பே ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தையாவது கேட்டு வழக்குத் தொடுங்கள் என்றே என்னிடம் வருபவர்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் பொறுப்பு யாருடையது என்ற தீர்ப்பு அந்தத் தொகையைவிட மதிப்புடையது.

அடுத்தது சுங்கக் கட்டண விதிகள். 2008ஆம் ஆண்டு விதிகளில் 2013 டிசம்பரில் ஒரு திருத்தம் வந்தது. நான்கு வழிச் சாலையை ஆறு வழியாக்கும்போது, பணி நடக்கும் காலத்தில் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். முடிக்க வேண்டிய தேதி தாண்டிவிட்டால் அந்தத் தாமதக் காலத்துக்குக் கட்டணமே வாங்கக் கூடாது. இது கடைப்பிடிக்கப்படுகிறதா? தென் மாநிலச் சுங்கச்சாவடிகளைப் பற்றி 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை, இந்த விதிகளை மீறிச் சில சாவடிகளில் 132 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியது. எந்த ஒப்பந்தம் எந்த நாளில் கையெழுத்தானது என்பதைப் பொறுத்து விதி மாறும், ஆகவே நம் சாலைக்கு இது பொருந்தும் என்று ஆவணத்தைப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல மாட்டேன். கேட்கத் தகுந்த கேள்வி இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மூன்றாவது நீதிமன்றம். கேரளத்தில் இடப்பள்ளி – மண்ணுத்தி சாலையில் பாலப் பணிகளால் போக்குவரத்து முடங்கியபோது, 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் பாலியேக்கரை சாவடியில் கட்டணம் வாங்குவதையே நிறுத்தி வைத்தது. நெடுஞ்சாலை ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு தலையிட மறுத்தது. 65 கிலோமீட்டரைக் கடக்கப் பன்னிரண்டு மணி நேரமானால் எதற்காக 150 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று விசாரணையில் கேட்டது. அக்டோபர் வரை அங்கே வசூல் நடக்கவில்லை. நம் வாலாஜா சாலைக்கு 2020இல் கிடைத்த பாதிக் கட்டண ஆணையோடு ஒப்பிட்டால், கேரளத்தில் மனுதாரர்கள் விடாமல் நின்றதும், ஆட்சியர் தலைமையிலான குழு நேரில் பார்த்து அறிக்கை கொடுத்ததும் பெரிய வேறுபாடுகள்.


மருத்துவமனை வாசல் எழுதியது:

ஒரு செய்தியை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன். அரசு சொன்னது எதுவும் நடப்பதில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கிறது. எந்த மாநிலத்தவர் என்றோ காப்பீடு உண்டா என்றோ கேட்பதில்லை. அவசரப் பிரிவில் வேலை செய்பவள் என்ற முறையில் அதன் பயனை நேரில் பார்க்கிறேன். பணம் கட்டும் வரை காத்திருந்து இழந்த உயிர்கள் இப்போது காப்பாற்றப்படுகின்றன. செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தால் அரசால் முடியும் என்பதற்கு இது சான்று. அதனால்தான் சாலையில் அது நடக்காதபோது எனக்குக் கூடுதலாகக் கோபம் வருகிறது. எங்களிடம் வருபவர்களில் பலர் வரவே வேண்டியிராதவர்கள்.


பாலாற்றங்கரை எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. மருத்துவமனை வாசல் அம்மா சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்கிறேன்.

சிலர் தனி மடலில், பெங்களூரு – சென்னை விரைவுச்சாலை வந்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும் என்று எழுதியிருக்கிறார்கள். 262 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலைக்கும் அதே 2022 மே 26 அன்றுதான், 14,870 கோடி ரூபாய் மதிப்பில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2024இல் முடியும் என்றார்கள், பிறகு 2025 என்றார்கள், பிறகு 2026 என்றார்கள். கர்நாடகப் பகுதி முதலில் முடிந்து வண்டிகள் ஓடுகின்றன. நம் பக்கம் முடிந்தாலும் அந்தச் சாலை ஸ்ரீபெரும்புதூர் அருகே வந்து சேர்கிறது, அங்கிருந்து சென்னைக்குள் போக மறுபடி பழைய நெரிசல்தான். காஞ்சிபுரம், ஓச்சேரி, காவேரிப்பாக்கம் மக்களுக்கு அது உதவவும் உதவாது.

2024 டிசம்பரில் அமைச்சர் கட்கரியே மக்களவையில், விபத்துகளைப் பாதியாகக் குறைக்கும் இலக்கு நிறைவேறவில்லை, எண்ணிக்கை கூடியிருக்கிறது, வெளிநாட்டு மாநாடுகளில் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். வெளிப்படையாகச் சொன்னதை மதிக்கிறேன். அந்த ஒப்புதல் ஒரு குறிப்பிட்ட சாலைக்கு, ஒரு குறிப்பிட்ட தேதிக்கு, ஒரு குறிப்பிட்ட அலுவலருக்கு என்று இறங்கி வர வேண்டும் என்பதுதான் என் விருப்பம். வழக்குரைஞர் அவர்கள் சொன்ன கட்டண விதியைப் பிடித்துக்கொண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம் என்று எண்ணுகிறேன். என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?


வழக்குரைஞர் எழுதியது:

சுருக்கமாகவும் ஆவணத்தைக் குறிவைத்தும் கேளுங்கள். 'ஏன் தாமதம்' என்று கேட்டால், கருத்துக் கூறக் கடமையில்லை என்று பதில் வரும். ஒப்பந்தப்படி பணி தொடங்கிய நாள் எது, முடிக்க வேண்டிய முதல் தேதி எது, எத்தனை முறை எந்தெந்தத் தேதிக்குக் கால நீட்டிப்பு அளிக்கப்பட்டது, ஒவ்வொரு நீட்டிப்பு ஆணையின் நகல், தாமதத்துக்காக ஒப்பந்ததாரரிடம் வசூலித்த இழப்பீட்டுத் தொகை, முதல் தேதி கடந்த பிறகு இரண்டு சாவடிகளிலும் மாதவாரியாக வசூலான கட்டணம், அந்தக் காலத்தில் எந்த விதியின்கீழ் என்ன விகிதத்தில் வசூலிக்கப்பட்டது என்பதற்கான அறிவிக்கையின் நகல். கட்டணம் பத்து ரூபாய், பதில் தர முப்பது நாள். பதில் வராவிட்டாலோ மழுப்பினாலோ அதே அலுவலகத்தில் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

மேம்பாலம் பாதியில் நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் நாள் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். இரவுப்பணி நண்பர் சொன்ன தடுப்புக் கட்டைகளை இரவிலேயே எடுக்க வேண்டும், வண்டியை நிறுத்தி, பாதுகாப்பான இடத்தில் நின்று. சரக்கு வண்டி ஐயா, உங்கள் இ-வே பில் ஆணையின் நகலும் ஓட்டுநர் எடுத்த படங்களும் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். மனு நீதிமன்றம் வரை போகுமானால், தாமதத்தின் விலையை யார் கட்டினார்கள் என்பதைக் காட்ட அவை தேவைப்படும்.